மூன்று கோடைக்கு ஆளில்லாவிட்டால் கன்று நட வராதீர்கள்

புயல் ஓய்ந்து, வெள்ளம் வடிந்து, கரண்ட் திரும்பி வந்து ஒரு மாதம் ஆவதற்குள் பேனர் வந்துவிடும். பேனரில் ஒரு பச்சை இலை, அனுசரணையாளரின் சின்னம், ஆயிரமோ பத்தாயிரமோ என்று ஓர் எண். அதிதிகள் வருவார்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிந்து வெயில் ஏறின பிறகு ஒருவர் கன்றைப் பிடிப்பார், ஒருவர் வாளியைப் பிடிப்பார், ஆறு பேர் பக்கத்தில் நிற்பார்கள். படம் எடுத்ததும் எல்லோரும் மிக்சரும் சோடாவும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். கன்று மட்டும் அங்கேயே நிற்கும்.

இந்தக் கட்டுரை அந்த விழாவுக்கு எதிரானது. சுத்தி வளைக்காமல் சொல்கிறோம்: புயல் விழுத்திய மரங்களின் இடத்தில் திரும்ப மரம் எழுப்புவது ஒருநாள் வேலை கிடையாது. குறைந்தது மூன்று கோடை வேலை. அந்த மூன்று கோடைக்கும் பெயர் சொல்லி ஓர் ஆளை நிறுத்த முடியாதவர்கள் தயவுசெய்து கன்று நட வரவேண்டாம். நடாமல் விட்டால் நிலம் தன்பாட்டில் ஏதாவது செய்துகொள்ளும். நட்டுவிட்டுப் போனாலோ, அந்த இடத்தில் வேலை முடிந்துவிட்டது என்று ஊர் முழுக்க நினைத்துக்கொள்ளும். பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

விழுந்தது என்ன?

எங்கள் பக்கத்தில் புயலுக்கு ஒரு மாதக்கணக்கு உண்டு. வட இலங்கையைக் கடந்து போய்த் தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில் வந்தது. மட்டக்களப்பு இன்றைக்கும் மறக்காத சூறாவளி 1978 நவம்பர் 23 அன்று கரையேறியது. 2000 டிசம்பர் 26 திருகோணமலைப் பக்கம் ஒன்று. 2020 டிசம்பரில் புரெவி. 2025 நவம்பரில் டித்வா. எல்லாமே மாரி நடுவில் வந்தவை. மண் ஊறிச் சேறாகி, வேரைப் பிடித்து வைக்கும் பலத்தை இழந்து நிற்கிற நேரம் பார்த்துத்தான் காற்று வருகிறது. அதனால் சில மரங்கள் நடுவில் முறிகின்றன, சில மரங்கள் வேரோடு மண்ணையும் கிளப்பிக்கொண்டு சாய்கின்றன. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. முறிந்த மரத்துக்கு நிலத்துக்குள் உயிருள்ள வேர் மிச்சம் இருக்கிறது. சாய்ந்த மரத்துக்கு அந்த வேரும் போய்விட்டது. கன்று கொண்டுவருகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்டதை நாங்கள் ஒருநாளும் காணவில்லை.

78 சூறாவளியில் 900க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னையில் பெரும்பகுதி ஒரே இரவில் படுத்துவிட்டது. காற்று கரையோடு நிற்கவில்லை. உள்ளே பொலன்னறுவைக் காடு வரைக்கும் போய் அடித்தது. அங்கே 1968 முதல் குரங்குகளை ஆய்வு செய்துகொண்டிருந்த வூல்ப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர், இலங்கையின் வறண்ட என்றும்பசுமைக் காடுகளில் சூறாவளி என்ன செய்கிறது என்பதைப் பற்றி 1985இல் ஒரு கட்டுரையே எழுதினார். சூறாவளி எங்கள் காடுகளுக்கு ஒருமுறை வந்துபோகிற அந்நியர் கிடையாது. காடு அதையும் கண்டுதான் வளர்ந்திருக்கிறது. அடி வாங்கி எழும்பும் வழி காட்டுக்குத் தெரியும். அந்த வழியை மறித்துக்கொண்டு நிற்பது நாங்கள்தான்.

தென்னை விழுந்தது, பிறகு பல இடங்களில் திரும்பவும் வந்தது. ஏன் வந்தது? தென்னைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். தேங்காய்க்கு விலை இருக்கிறது. கன்றுக்கு மானியம் தர ஒரு சபை இருக்கிறது. பனைக்கும் 1978 முதல் ஓர் அபிவிருத்திச் சபை உண்டு. ஆனால் ஊர்த்தோப்பில், குளக்கட்டில், கோயில் வெளி வீதியில், பாடசாலைக்குப் பின்னாலிருந்த சிறுகாட்டில் நின்ற பாலைக்கு எந்தச் சபை? முதிரைக்கு எந்த மானியம்? விழுந்த அன்றைக்கு மட்டும் அதற்கு உரித்தாளிகள் வருவார்கள், லொறியோடு.

வைரம் பாய்ந்த மரம் என்று ஏன் சொல்கிறோம்

எங்கள் வறள்வலயத்து மரங்கள் மெல்லத்தான் வளரும். ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவான மழை, அதிலும் பெரும்பகுதி மாரியில். வருடத்தில் பாதிக்கு மேல் வெயிலைத் தின்று நிற்க வேண்டும். அப்படி நின்று நின்றுதான் உள்ளுக்குள் வைரம் பாய்கிறது. பாலைக்கட்டை தண்ணியில் தாழும். ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போட்டது அதைத்தான். முதிரையில் செய்த கதவு நிலையைக் கறையான் லேசில் தொடாது என்பது யாழ்ப்பாணத்தில் வீடு கட்டின எவருக்கும் தெரியும். அதே முதிரை ஆங்கிலேயரின் காலத்தில் கப்பலேறிப் போய் இங்கிலாந்து வீடுகளில் அலுமாரியானது. சமண்டலை என்றும் சாவண்டலை என்றும் நாங்கள் சொல்கிற மரத்துக்கு வியாபாரிகள் வைத்த பெயர் ‘திருகோணமலை மரம்’. படகு கட்டவும் வண்டி செய்யவும் அது மதராசுக்குப் போனது.

மரக்காலைக்குப் போகும் கதை இது. காட்டுக்குள் இதற்கு இன்னொரு கதை உண்டு. வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும். கரடி ஏறித் தின்னும், குரங்கு தின்னும், பறவை தின்னும், வன்னி வீதியோரத்தில் பேணியால் அளந்து விற்பார்கள், நாங்களும் தின்போம். அந்தப் பழத்தைத் தின்றவை எல்லாம் கொட்டையைக் கொண்டுபோய் வேறெங்கோ போடும். ஒரு பெரிய பாலை விழுந்தால் சுற்றுவட்டாரத்துக்கே நாற்றுமேடை போட்டுக்கொண்டிருந்த ஒரு வேலைக்காரர் விழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

எங்கள் ஊர்ப்பெயர்களை எடுத்துப் பாருங்கள். பாலையூற்று, புளியங்குளம், வேப்பங்குளம், மருதங்கேணி, நாவற்குழி, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, பனிச்சங்கேணி, கொக்கட்டிச்சோலை, தேத்தாத்தீவு. பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே பஸ்ஸில் போனால் ஒரு காட்டின் இடாப்பு கிடைக்கும். ஆனால் கொக்கட்டி எது, தேற்றா எது, விடத்தல் எது என்று காட்டச் சொன்னால் எத்தனை பேர் கையை நீட்டுவார்கள்? ஐந்து திணையையும் கருப்பொருளோடு பரீட்சைக்கு எழுத வைக்கிற கல்வி, வகுப்பறை யன்னலுக்கு வெளியே நிற்கிற மரத்தின் பெயரைச் சொல்லித் தருவதில்லை. பெயர் தெரியாத மரம் விழுந்தால் ‘ஒரு மரம்’ விழுந்தது. ‘ஒரு மரத்துக்கு’ப் பதில் எந்த மரத்தை நட்டாலும் கணக்குச் சரி. விழாக்காரர்களின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

தேக்கு என்ற குறுக்குவழி

புயல் அடித்த இடத்துக்கு அநேகமாக வருகிற கன்றுகள் எவை? தேக்கு. மகோகனி. இல்லையென்றால் நிழலுக்கும் வடிவுக்கும் என்று சீக்கிரம் பூக்கிற ஏதாவது. நாற்றுமேடையில் எது மலிவாக, எது ஒரே உயரத்தில், எது ஆயிரக்கணக்கில் கிடைக்கிறதோ அது வரும்.

தேக்கை நாங்கள் திட்டவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் அது. இன்றைக்கு வவுனியாவில் தேக்கவத்தை என்று ஓர் இடப்பெயர் இருக்குமளவுக்கு ஊரோடு ஒன்றிவிட்டது. நல்ல பலகை, நல்ல காசு. தனது காணியில் பிள்ளையின் படிப்புக்கென்று நாலு தேக்கு வைத்திருக்கிற அப்பாவோடு எங்களுக்கு என்ன சண்டை? எங்கள் சண்டை, தேக்கை வரிசையில் நட்டுவிட்டு அதற்குக் காடு என்று பெயர் வைப்பவர்களோடுதான். தேக்கு வரிசை ஒரு பயிர். நெல்லைப் போல, மிளகாயைப் போல ஒரு பயிர். எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம். கோடையில் எல்லாம் ஒன்றாக இலையைக் கொட்டும். காய்ந்த அகன்ற இலை முழங்கால் மட்டும் கிடக்கும்போது ஒரு பீடித்துண்டு போதும், தீ நிலத்தோடு ஓடும், கீழே முளைத்த எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போகும். அடுத்த காற்றுக்கும் ஒரே உயரத்தில் ஒரே மாதிரி நின்றுகொடுக்கும். புயலில் விழுந்த கலப்புத்தோப்பின் இடத்தில் தேக்கு நடுவது, நூல்நிலையம் எரிந்த இடத்தில் கடதாசிக் களஞ்சியம் கட்டுவது மாதிரி.

‘கெதியா வளரும்’ என்பதுதான் எல்லாவற்றுக்கும் சொல்லப்படுகிற நியாயம். கெதியாக வளர்ந்த ஒன்றை எங்களுக்கு நன்றாகவே தெரியும். இப்பில் இப்பில். விறகுக்கும் ஆட்டுத் தீனுக்கும் என்று கொண்டுவந்தார்கள். இன்றைக்கு வெறுங்காணி, வீதியோரம், இடிந்த வீடு எங்கும் அதுதான் நிற்கிறது, வேறொன்றையும் எழும்ப விடாமல். வேகம் மரத்தின் நற்குணம் என்று எங்களுக்கு யார் சொன்னது?

கன்று எப்படிச் சாகிறது

ஒரு கன்றின் சாவை நேரம் போட்டு எழுதலாம். நாற்றுமேடையில் பொலித்தீன் பைக்குள் மாதக்கணக்காய் நின்றதில் வேர் அடியில் சுருண்டு வளையமாகியிருக்கும். அதை அறுத்து விரித்துவிட வேண்டும். விழாவில் அதற்கு நேரம் கிடையாது. சில இடங்களில் பையையே கழற்றாமல் புதைக்கிறார்கள். குழி ஒன்றரை அடி வேண்டும். அதிதியின் சப்பாத்து அழுக்குப்படக்கூடாது என்பதால் முதல்நாளே சாணளவில் தோண்டி வைத்திருப்பார்கள். மழை இருக்கும் வரைக்கும் கன்று பச்சையாக நிற்கும். தை பிறந்ததும் மழை நின்றுவிடும். மாசியில் கட்டாக்காலி மாடு வரும், ஆடு வரும். தப்பினால் பங்குனி, சித்திரை வெயில். அதிலும் தப்பினால் வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாதி வரைக்கும் சோளகக் காற்று மண்ணிலிருக்கிற கடைசி ஈரத்தையும் உறிஞ்சும். குப்பைக்கு வைத்த நெருப்பு எங்காவது தாவி வரும். ஐப்பசி மழைக்கு உயிரோடு நிற்கும் கன்று ஒரு வீரர். அதற்குப் பிறகு அதைப்போல இன்னும் இரண்டு கோடையைத் தாண்ட வேண்டும். அதன்பிறகுதான் வேர் தன் தண்ணியைத் தானே தேடிக்கொள்ளும்.

இது தேக்குக்கும் வேம்புக்கும் உள்ள கதை. பாலைக்குக் கதை இன்னும் கடினம். வைரமரங்களில் பல, குழந்தையாக இருக்கும்போது நேர்வெயிலைத் தாங்கா. பெரிய மரத்தின் அரைநிழலில், சருகு மூடிய ஈரமண்ணில் இருந்து பழகியவை. முதல் சில வருடம் மேலே ஒன்றும் தெரியாது. ஒரு சாண் வளர்ந்தாலே பெரிது. எல்லாம் நிலத்துக்குக் கீழே நடந்துகொண்டிருக்கும். மண் தெரிகிற வெளியாகப் பெக்கோ போட்டு வழித்துத் துடைத்த நிலத்தில், நட்டநடு வெயிலில், அப்படிப்பட்ட கன்றை நட்டுவிட்டு ‘பாலை இந்தக் காலத்துக்கு வராது’ என்று சொல்கிறார்கள்.

வளாகத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய தோப்பு இருக்கிறது. ஒரு மாரிக் காற்றில் அதன் பாதி மரங்கள் போயின. முதலில் பெக்கோ வந்தது. விழுந்த மரத்தோடு முறிந்து நின்ற அடிமரங்களையும் பிடுங்கி, நிலத்தை மட்டம் தட்டியது. மரக்குற்றிகள் எங்கே போயின என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பிறகு ஒரு நிறுவனம் எங்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ரீசேர்ட்டும் தொப்பியும் தந்து வரிசையில் நிறுத்தியது. தண்ணி ஊற்ற ஆள் யார் என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். ‘அது ஊர்ச்சனம் பார்த்துக்கொள்ளும், தங்கச்சி’ என்றார்கள். ஊர்ச்சனத்திடம் கேட்டோம். அவர்களுக்கு இப்படி ஒரு பொறுப்பு வந்திருப்பதே தெரியாது. அடுத்த ஆவணியில் நாங்களாகப் போய் எண்ணினோம். மிஞ்சியதை எண்ண இரண்டு கைவிரல் போதுமாக இருந்தது. அந்தக் கார்த்திகையிலேயே வேறொரு பேனர் வந்தது. குழி தோண்டிய வேலை மிச்சம், பழைய குழிகளிலேயே நட்டார்கள்.

இரண்டு முறையும் எத்தனை கன்று நட்டார்கள் என்பதற்கு அறிக்கை இருக்கிறது. எத்தனை கன்று நிற்கிறது என்பதற்கு ஒரு காகிதத் துண்டும் கிடையாது.

காணி யாருடையது என்று சொல்லாமல் மரம் பற்றிப் பேசாதீர்கள்

இதுவரை சொன்னது நடுகிறவர்களின் குற்றம். ஆனால் ஊர்ச்சனம் ஏன் தானாக முன்வந்து வைரமரம் வளர்க்கவில்லை என்றும் கேட்க வேண்டும். சோம்பல் என்று பதில் சொல்கிறவர்கள் வன்னிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனையும் மரமும் வெட்டி அடுக்கிய மண் இது. சண்டையில் இடம்பெயர்ந்து வருடக்கணக்காய் வெளியே இருந்துவிட்டுத் திரும்பியபோது, பலரின் காணிகளில் பற்றை வளர்ந்து மரமாகியிருந்தது. அப்பப்பா வெட்டின கிணறு உள்ளே இருக்க, வெளியே வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல். இது காடு, உள்ளே போகாதே என்றார்கள். அந்தப் பிரச்சினை இன்னும் பல கிராமங்களில் தீரவில்லை. அப்படி அடிபட்ட ஒரு சனத்திடம் போய் ‘காணியின் ஒரு மூலையைக் காடாக விடுங்கோ’ என்றால் என்ன சொல்வார்கள்? ‘மரம் வளர்ந்தால் காணி போயிடும் பிள்ளை’ என்பார்கள். அது மூடநம்பிக்கை கிடையாது, கண்ணால் கண்டது.

சரி, காணிக்கு உறுதி இருக்கிறது என்றே வைப்போம். முதிரை நட்டவர் தன் வாழ்நாளில் அதை வெட்டுவது அரிது. பேரப்பிள்ளை வெட்டினாலும், தன் காணியில் தன் குடும்பம் நட்டது என்று காட்டி, ஏற்றிப்போக அனுமதிப்பத்திரம் எடுக்க அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும். அதே நேரம் இரவில் காட்டுக்குள் இருந்து முதிரைக் குற்றிகளோடு வருகிற லொறிகளைப் பற்றிய செய்தி கிழமைக்கொன்று பத்திரிகையில் வருகிறது. பிடிபட்டவை செய்தியாகின்றன. பிடிபடாதவை கதவு நிலையாகின்றன. நேர்மையாக நட்டவருக்கு அலைச்சல், களவாக வெட்டினவருக்கு வியாபாரம். இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்துவது பம்மாத்து.

எங்களுக்குச் சொல்லப்படும் பதில்கள்

‘ஒண்டுமே செய்யாமல் இருக்கிறதுக்கு ஒரு கன்றாவது நட்டாங்களே’ என்பார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பது பல இடங்களில் அதைவிட நல்லது. முறிந்த மரத்தின் அடிமரத்தை விட்டுவைத்தால் வேம்பும் புளியும் அடுத்த மழைக்கே துளிர்க்கும். ஆழமாக ஓடின பழைய வேர் அதற்கு இருக்கிறது. எந்த நாற்றுமேடைக் கன்றும் அதோடு ஓட முடியாது. சருகுக்குக் கீழே முன்பே முளைத்துக் காத்திருந்த சிறுகன்றுகள் வெளிச்சம் கண்டதும் எழும்பும். பெக்கோவை உள்ளே விடாமல், மாட்டை உள்ளே விடாமல், கொடியும் பார்த்தீனியமும் மூடாமல் பார்த்துக்கொண்டாலே தோப்பின் ஒரு பங்கு திரும்பி வரும். வேலி போடுவதற்குப் பேனர் அடிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

‘இளைஞர்களை ஊக்கப்படுத்த வேண்டாமா?’ என்பார்கள். தான் நட்ட கன்று செத்துக் கிடப்பதை அடுத்த வருடம் பார்க்கிற இளைஞருக்கு வருவது ஊக்கம் கிடையாது. ‘உதெல்லாம் சும்மா’ என்ற எண்ணம்தான் வரும். அந்த எண்ணம் மரத்தோடு நிற்காமல் தேர்தல், சங்கம், போராட்டம் என்று எல்லாவற்றுக்கும் பரவும்.

‘கார்த்திகையில் மரம் நடுவது எங்கள் மண்ணின் வழக்கமாகிவிட்டது, அதையுமா எதிர்க்கிறீர்கள்?’ என்றும் கேட்பார்கள். வடக்கு மாகாண சபை இருந்த காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. மழை தொடங்கி மண் ஊறிய பிறகு நடுவதற்கு அது சரியான காலம். நினைவுக்காக ஒரு மரம் நடுவதை நாங்கள் கும்பிட்டு வரவேற்கிறோம். ஆனால் ஒருவரை நினைத்து நட்ட மரத்தை ஆவணியில் காய விடுவது என்ன நினைவு? நினைவென்றால் ஆவணியிலும் வாளி தூக்க வேண்டும்.

கடைசியாக, ‘கலைப்பீடப் பிள்ளைகளுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்?’ இது எங்களுக்குப் பிடித்த கேள்வி. குழி எத்தனை அடி என்பதை ஒரு விவசாயி எங்களைவிட நன்றாகச் சொல்வார், உண்மை. ஆனால் தோப்பு திரும்பாததற்குக் குழி மட்டுமா காரணம்? காசு எங்கே ஒதுக்கப்படுகிறது, காணி யாருடைய பெயரில் இருக்கிறது, எது எண்ணப்படுகிறது, எது எண்ணப்படாமல் விடப்படுகிறது, எந்த மரத்தின் பெயர் மறக்கப்பட்டது என்பவையும் காரணம். இதெல்லாம் எங்கள் பாடம்தான்.

நாங்கள் கேட்பது

முதலாவது: புயல் அடித்த தோப்பில் முதல் ஒரு வருடம் கன்று நடாதீர்கள். வேலி போடுங்கள். காசு இல்லாவிட்டால் முள்ளுக்கொப்பு வெட்டி அலம்பல் அடையுங்கள். பாதைக்கும் வீட்டுக்கும் ஆபத்தான மரங்களை மட்டும் அகற்றி, மற்ற அடிமரங்களை விட்டுவிடுங்கள். எது துளிர்க்கிறது, எது முளைக்கிறது என்று எழுதி வையுங்கள். அகற்றிய குற்றிகள் எத்தனை, எங்கே போயின என்பதையும் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

இரண்டாவது: விதையை அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே, காற்றில் நின்றுபிடித்த மரங்களில் இருந்து எடுங்கள். காற்றில் விழாத மரத்தின் பிள்ளைக்குத் தனி மதிப்பு உண்டு. வேப்பங்கொட்டை சில கிழமைக்குள்ளேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே பழம் விழுகிற காலத்திலேயே பொறுக்கி, பாடசாலையிலோ கோயிலிலோ நாற்றுப் போட வேண்டும். நாற்றுமேடை ஊருக்குள் இருந்தால் அதற்குத் தண்ணி ஊற்றிய பிள்ளைக்குக் கன்றின் முகம் தெரியும்.

மூன்றாவது: இரண்டாவது மாரியில், இடைவெளி இருக்கிற இடத்தில் மட்டும், கலந்து நடுங்கள். நிழல் தரக் கெதியாக வளர்வது கொஞ்சம், அதன் அரைநிழலில் பாலை, முதிரை, சமண்டலை. தனிவெளியில் நிற்கிற கன்றுக்குப் பனையோலையால் மேற்கு வெயிலை மறையுங்கள். குழிக்குள் பொச்சுமட்டை புதைத்தால் ஈரம் நிற்கும். துளையிட்ட பானையைப் பக்கத்தில் புதைத்து நிரப்பிவிட்டால் சில நாளைக்குக் கசிந்துகொண்டிருக்கும். இதொன்றும் புதுத் தொழில்நுட்பம் கிடையாது. எங்கள் அம்மம்மாமாருக்குத் தெரிந்தது.

நான்காவது: கன்று வாங்கவும் மேடை போடவும் செலவாகிற காசைப் பாதியாக்குங்கள். மிச்சத்தை அந்த ஊரில் ஒருவருக்கு மூன்று வருடச் சம்பளமாகக் கொடுங்கள். அநேகமாக அது ஓர் அக்காவாக இருப்பார், ஏற்கெனவே ஆடு பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் தினமும் நடக்கிறவராக இருப்பார். அவருக்குச் சம்பளம் கொடுக்காமல் ‘சமூகப் பங்களிப்பு’ என்று எழுதுவது அவரின் உழைப்பைக் களவெடுப்பது.

ஐந்தாவது: காணி யாருடையது, வளர்ந்த மரம் யாருடையது, அதை எடுக்க எந்த வழி என்பதை நடுவதற்கு முன்னர் எழுத்தில் கொடுங்கள். நட்டதால் காணி பறிபோகாது என்ற உறுதியில்லாமல் ஒரு வைரமரமும் நிற்காது.

ஆறாவது: மூன்றாவது கோடை முடிந்த பிறகு எண்ணுங்கள். அன்றைக்கு விழா வையுங்கள். நிற்கிற கன்றின் எண்ணிக்கையை அந்தப் பேனரில் போடுங்கள். பத்து என்றால் பத்து என்று போடுங்கள். அதற்கு நாங்களே மேளம் கொண்டுவருகிறோம்.

வாசிக்கிற உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாரியில் உங்கள் பீடத்துக்கோ கழகத்துக்கோ அழைப்பு வரும். ரீசேர்ட் அளவு கேட்பார்கள். அதைச் சொல்வதற்கு முதல் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன மரம்? யாருடைய காணி? வருகிற ஆவணியில் தண்ணி ஊற்றப்போவது யார், அவரின் பெயர் என்ன? மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் ஏறவேண்டாம். கிடைத்தால் எங்களுக்கும் அறிவியுங்கள். கார்த்திகையில் மண்வெட்டியோடு வருகிறோம், ஆவணியில் வாளியோடும் வருகிறோம்.